வால்டெசியின் கால்

இயந்திரம் சாகும்போது யார் பெயரைச் சொல்லிவிட்டுச் சாகிறதோ அவன்தான் குற்றவாளி என்று நம்புவது கணினித் தொழிலில் ஊறிப்போன கெட்ட பழக்கம். நிரம்பி வழியும் பேருந்தில் படிக்கட்டு உடைந்தால் கடைசியாகத் தொற்றிக்கொண்டவனைத்தானே நடத்துநர் திட்டுகிறார். முதல் நிறுத்தத்திலேயே மூட்டை முடிச்சோடு ஏறி சன்னலோரம் உட்கார்ந்திருப்பவனை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

கணினியின் அடிவயிற்றிலும் இதே கதைதான். கெர்னல் என்று சொல்லப்படும் அந்த உள்ளறையில் ஒவ்வொரு வேலைக்கும் ஸ்டாக் என்று ஒரு சின்ன இடம் ஒதுக்கித் தருவார்கள். வைரஸைக் காவல் காக்கும் நிரல், நகல் எடுத்து வைக்கும் நிரல், தகவலைப் பூட்டி வைக்கும் நிரல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, தன் சட்டி பானையை அந்தச் சின்ன இடத்தில் அடுக்கிவிட்டு வேலையை அடுத்ததிடம் தள்ளிவிடும். இடம் தீர்ந்துபோனால் யாரும் நீட்டித் தரமாட்டார்கள். கடைசியில் வந்தது கால் வைத்த நொடியில் மொத்தமும் விழும்.

பெத்ரா மான்சா ஊரில் இதை இரனில்டாவைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. தகவலைப் பூட்டும் நிரலை எழுதி, அந்த வட்டாரத்து அரசு அலுவலகங்களுக்கெல்லாம் கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் அவள் தலைமைப் பொறியாளர். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள் சொல்லித்தரும் முதல் பாடமே அதுதான்.

"கெர்னலுக்குள்ள பெரிய அண்டாவைக் கொண்டுபோய் இறக்காதீங்க. பெரிசா இடம் வேணும்னா வெளியே கேட்டு வாங்கிக்குங்க, வேலை முடிஞ்சதும் திருப்பிக் குடுங்க. அதுகூட முடியலேன்னா சந்தையிலே போய் சோளம் சுட்டு வித்துப் பிழைச்சுக்குங்க."

அவர்கள் சிரிப்பார்கள், எழுதிக்கொள்வார்கள்.

அந்த ஜூலையில் இரனில்டாவின் முன்னால் இருந்த இயந்திரம் யார் பெயரையும் சொல்லாமல் செத்திருந்தது. ஊர் வேறு ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. அது அவள் தம்பியின் பெயர்.

வால்டெசி அவசர ஊர்தி மையத்தில் தொலைபேசி எடுப்பவன். ஜூனில் வரும் புனித யோவான் திருவிழாவுக்கு முந்தைய மாலை, தெருவுக்குத் தெரு சொக்கப்பனை எரிகிற நேரம், மையத்தில் மணி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. பட்டாசில் கை கருகியவன், குடித்துவிட்டு நெருப்பைத் தாண்டப் போனவன் என்று வரிசையாக அழைப்புகள். அதற்கு நடுவில் அப்தியாஸ் என்கிறவர் கூப்பிட்டார். அவர் மனைவி மரிலூசியாவுக்கு ஆஸ்துமா. பக்கத்து வீட்டுச் சொக்கப்பனையின் புகை உள்ளே வந்துவிட்டது, மூச்சு வாங்குகிறாள். வால்டெசி முகவரியைக் கேட்டுத் தட்டிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்தது. அழைப்பு அறுந்தது. கணினி தானாக மறுபடி எழுந்து உட்கார்ந்தபோது முகவரியும் இல்லை, தொலைபேசி எண்ணும் இல்லை. அப்தியாஸ் திரும்பத் திரும்ப அடித்தார், எல்லா இணைப்பிலும் ஆள் இருந்தது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரனின் வேனில் மனைவியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் ஜோடி ஜோடியாக ஆடிக்கொண்டு போன ஊர்வலம். மருத்துவமனை வாசலுக்கு முன்பே மரிலூசியா போய்விட்டாள்.

விசாரணை நடந்தது. கணினியின் குறிப்பில் 'எதிர்பாராமல் நின்றது' என்ற ஒற்றை வரிதான் இருந்தது. பிளக்கைப் பிடுங்கினால் விழுவதும் அதே வரிதான். வால்டெசியின் மேசைக்கடியில் ஒரு பிளக் சரியாகப் பொருந்தாமல் ஆடிக்கொண்டிருந்ததை யாரோ கண்டுபிடித்தார்கள். மென்பொருள் தந்த நிறுவனத்திடம் கருத்துக் கேட்டார்கள். கருத்து எழுதியவள் இரனில்டா.

ஸ்டாக் நிரம்பி விழும் இயந்திரத்துக்குச் சில நேரம் மரண வாக்குமூலம் எழுதக்கூட இடம் இருக்காது, பேச்சுமூச்சில்லாமல் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் ஆடிக்கொண்டிருந்த பிளக் கண்ணெதிரே இருந்தது. திருவிழா விளக்குகளால் ஊரெங்கும் மின்சாரம் வேறு விட்டுவிட்டு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, தம்பி என்பதற்காகப் பூசி மெழுகினாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற வீம்பு. 'எங்கள் மென்பொருளில் கோளாறுக்குத் தடயம் இல்லை, மின்சாரம் நின்றதற்கான அடையாளமே உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். நேர்மையாக இருக்கிறோம் என்ற நினைப்பில் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள். நேர்மைக்கும் ஒரு கொழுப்பு உண்டு.

அதுவரை "நான் எதையும் தொடலே" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்துகொண்டிருந்த வால்டெசி, அக்கா எழுதியதைப் படித்ததும் அடங்கிப்போனான். அக்கா தப்பாகச் சொல்லமாட்டாள். இரண்டு நாள் யோசித்தான். காலை நீட்டியது போலவும், ஏதோ இடறியது போலவும் அவனுக்கு ஞாபகம் வர ஆரம்பித்தது. விசாரணையில் போய் "ஆமாம், என் கால்தான்" என்று சொல்லிவிட்டான். வேலை போயிற்று. அன்றைக்கு அவன் மேசைமேல் பாமோன்யா என்கிற சோளமாவுப் பலகாரம் ஒன்று பாதி கடித்தபடி இருந்தது என்று வேறு கதை பரவியதால், தெருவில் போனால் "டேய் பாமோன்யா, கால் பத்திரம்டா!" என்று கத்த ஆரம்பித்தார்கள்.

அவன் தலையைக் குனிந்தபடி நடந்துவிடுவான். காலையில் எழுந்து நெடுஞ்சாலை ஓரத்து டயர் கடைக்குப் போய்விடுவான். அந்தக் கடை அப்தியாஸுடையது. செத்தவளின் புருஷனிடம் போய் என்ன செய்கிறான் என்று இரனில்டா ஒருமுறை கேட்டாள். "பஞ்சர் ஒட்டறேன்" என்றான். அதற்குமேல் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை.

தம்பியின் முகத்தை அப்படிப் பார்க்க முடியாமல்தான் அவள் மையத்திலிருந்து அந்தக் கணினியை அலுவலகத்துக்குக் கொண்டுவரச் செய்தாள். எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்த கையே கிண்டப் போகிறது என்று முதலாளி எராக்லிதோ முகம் சுளித்தார். அவள் கண்டுகொள்ளவில்லை.

சக பொறியாளன் ஜெனிவால் காபியோடு வந்து மேசை விளிம்பில் உட்கார்ந்தான். "இன்னும் இந்தப் பொட்டியோடவா மல்லுக்கட்டுறே? பேசாம இதையே கல்யாணம் பண்ணிக்கோ. நான் மாப்பிள்ளைத் தோழனா வரேன்."

"வாயை மூடிக்கிட்டு அந்தப் பக்கம் உட்காரு. திருவிழா அன்னிக்கு வந்த அளவுக்கு அழைப்பு ஏத்தணும். நிஜம் மாதிரியே இருக்கணும்."

"பேயை வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிடறே."

"கூப்பிடத்தான் போறேன்."

பொய் அழைப்புகளை ஏற்றினார்கள். கணினி ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. இன்னும் ஏற்றினார்கள். நினைவகம் நிரம்பித் தவித்தது. மதிய உணவுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்த சற்று நேரத்தில் திரை கறுத்தது. பிறகு தானாக எழுந்தது. குறிப்பில் அதே ஒற்றை வரி.

ஜெனிவாலின் சிரிப்பு நின்றது. குனிந்து பிளக்கைப் பார்த்தான். "கரண்ட்டு போகலையே."

"போகல."

"யாரும் உதைக்கவும் இல்லே."

"மறுபடி ஏத்து."

மறுபடியும் விழுந்தது. இரனில்டா கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுகை முழுக்க சந்தோஷம். தம்பியின் கால் இல்லை. அந்தக் கால் ஒரு பாவமும் அறியாது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் எந்த இடம் என்று கண்டுபிடித்துவிட்டால் பழியை இழுத்துக்கொண்டு வந்து அங்கே போட்டுவிடலாம். முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

இயந்திரம் வாய் திறக்காது என்றால் வேறு வழி உண்டு. அவர்கள் ஊர்ப்பக்கம் மழைநீர்த் தொட்டியில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று சுவரிலுள்ள கறையைப் பார்த்துச் சொல்வார்கள். அதேபோல ஸ்டாக் முழுவதையும் ஒரே குறியீட்டால் பூசி வைத்துவிட்டு, வேலை நடந்த பிறகு எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்த்தாள். சாதாரண வேலையிலேயே கறை விளிம்புக்குச் சற்றுக் கீழே நின்றது. நெருக்கடி நேரத்தில், வட்டில் ஒன்றை எழுதி முடிப்பதற்குள் நினைவகம் போதாமல் இன்னொன்றை எழுத வேண்டி வந்து, அதே நிரல்கள் தங்கள் தலைமேல் தாங்களே மறுபடி ஏறிக்கொண்டன. விளிம்பு தாண்டியது.

"ஸ்டாக் நிரம்பி வழியுது" என்றாள்.

"அந்த வைரஸ் காவல்காரன்தான். பந்தயம் வெச்சுக்கறியா? போன வருஷத்திலேர்ந்து அவன் மேல எனக்குச் சந்தேகம்."

"உனக்கு உன் மாமியார் மேலேகூடத்தான் சந்தேகம். ஒவ்வொண்ணா அளந்து பார்ப்போம்."

அளந்தார்கள். வைரஸ் காவல் நிரல் பாவம், ஒரு தம்ளர் அளவு இடம்தான் எடுத்துக்கொண்டிருந்தது. நகல் எடுப்பது ஒரு கிண்ணம். பிறகு தங்கள் நிரலுக்கு வந்தார்கள். அதில் ஒரு இடத்தில் ஓர் அண்டா உட்கார்ந்திருந்தது.

"நம்ம வீட்டுக்குள்ளேயா!" ஜெனிவால் எழுந்து நின்றுவிட்டான். "எந்த மடப்பய இதை எழுதினது?"

"யார்னு பாரு. ஒவ்வொரு வரிக்கும் எழுதினவன் பேர் இருக்குமே."

அவன் தன் கணினியில் பார்த்தான். காபிக் கோப்பையை எடுத்தான், வைத்தான்.

"சொல்லேன்டா. நீயா? நீயா இருந்தா உன் தோலை உரிச்சுடுவேன்."

"நீயே வந்து பாரு நில்டா."

அவள் போய்ப் பார்த்தாள். அவள் பெயர்தான் இருந்தது. தேதி மே மாதக் கடைசி.

பெத்ரா மான்சாவில் ஜூன் மாதம் யாரும் ஓடுகிற இயந்திரத்தில் கை வைப்பதில்லை. எல்லோரும் திருவிழாவில் ஆடப் போய்விடுவார்கள், ஏதாவது கெட்டுப்போனால் பார்க்க ஆள் இருக்காது. அதனால் புனித யோவான் பூட்டு என்று ஒன்று போட்டுவிடுவார்கள். போடுவதையெல்லாம் மே முடிவதற்குள் போட்டாக வேண்டும். அந்த வருடம் மே மாதத்தில் வேறு ஊர் அலுவலகம் ஒன்றில் எப்போதாவது ஒரு கணினி காரணமில்லாமல் விழுவதாகப் புகார் வந்திருந்தது. அது ஏன் என்று பிடிக்க ஒரு கண்ணி வைக்க நினைத்தாள். உள்ளே நடப்பதையெல்லாம் அடிக்கு அடி எழுதி வைக்கும் நிரல் துண்டு ஒன்று, எல்லா அலுவலகங்களுக்கும் போகிற பதிப்பிலேயே. எழுதுவதற்குப் பெரிய இடம் வேண்டும். வெளியே கேட்டு வாங்கலாம். வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும், கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும், சோதிக்க வேண்டும். கீழே வண்டியில் ஹாரன் அடித்து "திருவிழாப் பாவாடைக்கு அளவு குடுக்க வரியா இல்லியா!" என்று தோழிகள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஸ்டாக்கிலேயே இறக்கினாள். பக்கத்தில் 'தற்காலிகம், ஜூலையில் எடுத்துவிட வேண்டும்' என்று எழுதியும் வைத்தாள். எழுதி வைத்ததும் மனசுக்குள் அந்த வேலை முடிந்துபோயிற்று. தற்காலிகம் என்று எழுதி வைக்கிற பொறியாளர்களை நம்பி இந்த உலகம் ஓடுகிறது பாருங்கள், அதைத்தான் நினைத்து நினைத்து அழ வேண்டும்.

திருடனைப் பிடிக்க வைத்த கண்ணி வீட்டு ஆளையே பிடித்துவிட்டது. ஏற்கெனவே விளிம்புவரை நிறைந்திருந்த இடத்தில் அவளுடைய அண்டா இறங்கியதால், எப்போதாவது விழுந்த இயந்திரம் நெருக்கடி வந்தாலே விழத் தொடங்கியது. முன்பெல்லாம் யாருக்கும் ஒன்றும் ஆகாமல் விழுந்தது. இப்போது மரிலூசியாவின் மூச்சின்மேல் விழுந்தது.

ஜெனிவால் அவள் தோளைத் தொட்டான். "நான் எழுதினதா மாத்திச் சொல்லிடட்டுமா? எனக்குத் தம்பி கிடையாது."

"போடா."

அவள் அந்த வரியை மாற்றினாள். வெளியே இடம் கேட்டு வாங்கி, முடிந்ததும் திருப்பிக் கொடுக்கிற மாதிரி. விரல்கள் தானாகவே எழுதின. மறுபடி அழைப்புகளை ஏற்றினார்கள், இரு மடங்கு ஏற்றினார்கள். மாலைவரை கணினி அசையவில்லை. கறை விளிம்புக்கு வெகு கீழே நின்றது. அது விழுந்து தொலையாதா என்று அவள் மனது ஏங்கியது. விழுந்திருந்தால் காரணம் வேறு என்று ஆகியிருக்கும்.

மறுநாள் எராக்லிதோ கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார். "ஜூலைப் பதிப்புல இதைப் போட்டுடுவோம். சில்லறைத் திருத்தங்கள்னு ஒரு வரி போதும். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை."

"என் தம்பி பேர் கெட்டுக் கிடக்கு."

"அவனே ஒத்துக்கிட்டாம்மா! நாமளா ஒத்துக்கச் சொன்னோம்?"

"நாமதான் சொன்னோம். நான் எழுதிக் குடுத்தேன், நீங்க முத்திரை வெச்சீங்க."

"நீ போய்ச் சொன்னா இந்தக் கம்பெனி இருக்காது. நீயும் வெளியே இருக்க முடியாது. அந்தப் பொம்பளை திரும்பி வரப்போறதும் இல்ல. யாருக்கு என்ன லாபம், சொல்லு."

லாபம் என்னவென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தம்பி தலை நிமிர்ந்து தெருவில் நடப்பான். வேறெதுவும் இனி நடக்காது, அது ஒன்றாவது நடக்கட்டும். விசாரணை அதிகாரிக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நேராக நெடுஞ்சாலைக்குப் போனாள்.

டயர் கடையில் வால்டெசி குந்தி உட்கார்ந்து, ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். அப்தியாஸ் லாரிச் சக்கரம் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். குட்டையான, தோள் அகன்ற மனிதர். சுவரில் மரிலூசியாவின் படம் இருந்தது. பள்ளிக்கூடச் சமையல்காரியின் வெள்ளைத் தொப்பியோடு சிரித்தாள்.

"என்னக்கா இந்த நேரத்துல? ஆபீஸ் இல்லையா?"

"உன் கால் இல்லடா" என்றாள். வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று யோசித்து வைத்திருந்தது அத்தனையும் மறந்துபோனது. "நீ பிளக்கை உதைக்கல. கரண்ட்டே போகல. பொட்டி தானா செத்துச்சு. எங்க நிரலாலே. நான் எழுதின ஒரு வரியாலே."

வால்டெசியின் கை தண்ணீரிலேயே இருந்தது. "நீ தப்பாப் பார்த்திருப்பே."

"திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன்."

"கால் பட்டது எனக்கு ஞாபகம் இருக்குக்கா. நல்லா ஞாபகம் இருக்கு."

"அது நான் எழுதினதைப் படிச்சு உனக்கு வந்த ஞாபகம்டா. நீ ஒண்ணும் பண்ணல. பழி உன்மேல இல்ல. அதிகாரிக்கும் எழுதிட்டேன்."

அவள் நினைத்தது நடக்கவில்லை. அவன் முகம் தெளியவில்லை. எழுந்து நின்று ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் எப்படி இருந்தேன்னு உனக்குத் தெரியுமா? வெட்டிப் போட்டுடலாம்னு நினைச்சேன். கடைசில இந்த மனுசன் முன்னாடி வந்து விழுந்தேன். அடிச்சார். மறுநாளும் வந்தேன், அடிச்சார். அதுக்கு மறுநாள் காபி குடுத்தார். அப்புறம்தான் எனக்குச் சோறு தொண்டையிலே இறங்குது. இப்ப வந்து நான் இல்ல, நீங்கறே. உன்னை நான் என்னக்கா பண்றது? அம்மா போனப்புறம் என்னை வளர்த்தவ நீ. உன்னை வெறுக்கவா? எப்படி வெறுக்கறதுன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போ."

அப்தியாஸ் கடப்பாரையைத் தரையில் வைத்துவிட்டு அருகில் வந்தார்.

"எனக்கு இந்த மிஷின் சமாச்சாரமெல்லாம் புரியாதும்மா. அந்த வரியை எதுக்குப் போட்டீங்க?"

"பொட்டி ஏன் விழுதுன்னு கண்டுபிடிக்கறதுக்கு, ஐயா."

"கண்டுபிடிச்சீங்களா?"

"கண்டுபிடிச்சேன்."

"சரி பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சு."

"ரொம்ப நேரம் ஆச்சோ?"

பொய் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. "ஒரு காபி ஆறதுக்குள்ள முடிஞ்சிருச்சு, ஐயா."

அவர் தலையாட்டினார். "மரிலூசியாவுக்கு அதைவிட நேரமாச்சு" என்றார்.

அவள் அவர் முன்னால் மண்டியிடப் போனாள். க்ரீஸ் படிந்த கையை நீட்டி அவர் தடுத்தார். கோபம் எதுவும் அந்தக் கையில் இல்லை, வெறும் களைப்புதான் இருந்தது.

"வேண்டாம்மா. கேக்காதீங்க. இவனை மன்னிக்கறதுக்கே என்கிட்ட இருந்ததையெல்லாம் வழிச்சுக் குடுத்துட்டேன். இன்னொருத்தருக்குக் குடுக்க மிச்சம் இல்ல."

வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அப்தியாஸ் போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டார். வால்டெசி ஓட்டை இருந்த இடத்தில் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டு, ட்யூபைத் தேய்க்க ஆரம்பித்தான். இரனில்டாவை யாரும் போகச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.